படகைத் தொலைத்த பகல்

போன மாதம் ஒரு பெண் எனக்குப் போன் செய்தார். பெயர் நித்யா. மன்னார் வளைகுடாக் கரையில் நான் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில் இப்போது முக்குளிப்புப் பிரிவை அவர்தான் கவனித்துக்கொள்கிறாராம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு கையேடு தயாரிக்கிறார்கள்.

"தண்ணிக்குள்ள இருந்து மேல வந்து பார்த்தா படகு இல்லேன்னா என்ன செய்யணும்னு ஒரு அரைப் பக்கம் எழுதிக் குடுங்க சார். உங்களுக்கு அந்த அனுபவம் இருக்குன்னு இங்க சொல்றாங்க" என்றார்.

இப்போது ஒவ்வொருவர் தோளிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை மாட்டிவிடுகிறார்களாம். பொத்தானை அழுத்தினால் நாம் எங்கே மிதக்கிறோம் என்பது படகில் உள்ள திரையில் புள்ளியாகத் தெரியுமாம். கேட்கவே எனக்கு உற்சாகமாக இருந்தது. "அது இருக்கும்போது என் அரைப் பக்கம் எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"பேட்டரி தீந்துட்டா சார்?" என்றார் சட்டென்று.

இந்தப் பெண்ணோடு, எங்களுக்கு முக்குளிப்புக் கற்றுக்கொடுத்த ஜெயசீலன் சாருக்கு நன்றாக ஒத்துப்போயிருக்கும் என்று தோன்றியது. இப்போது குடியிருக்கும் வேங்கிக்கால் வீட்டு மாடியில் உட்கார்ந்து அன்றைக்கே எழுத ஆரம்பித்தேன். அவர் கேட்ட அரைப் பக்கத்தை அனுப்பியாகிவிட்டது. அதில் அடங்காதது இது.

என் பெயர் ஏழுமலை. மலையை ஒட்டிய அடி அண்ணாமலையில் மணிலாக் கடலையும் நெல்லும் பயிர் வைக்கிற குடும்பம். கடலுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் கிணறு உண்டு. எங்கள் பக்கத்துக் கிணறுகள் பாறையை வெடி வைத்து இறக்கியவை. அகலமும் ஜாஸ்தி, ஆழமும் ஜாஸ்தி. பம்புசெட் குழாயின் அடியில் சருகோ துணியோ அடைத்துக்கொண்டால் யாராவது மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி எடுக்க வேண்டும். அந்த வேலைக்குச் சுற்றுவட்டாரத்தில் எங்கள் இரண்டு பேரைத்தான் கூப்பிடுவார்கள். ஒருவன் நான். இன்னொருவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த காதர் பாஷா. டவுனில் தேரடி வீதிப் பக்கம் தையல் கடை வைத்திருந்த உசேன் பாயின் மகன். அவன் நீந்துவதைப் பார்த்தால் தண்ணீர் தானாக அவனுக்கு வழி விடுகிற மாதிரி இருக்கும். நான் அப்படியில்லை. ஆனால் நெடுநேரம் மூச்சடக்குவேன்.

எழுபதுகளின் நடுவில், ஆராய்ச்சி நிலையத்துக்கு முக்குளிப்பவர்கள் தேவை என்ற விளம்பரத்தைப் பாஷாதான் டீக்கடைப் பேப்பரில் பார்த்தான். "கெணத்துல எறங்கறதுக்கு கவர்மெண்டு சம்பளம் குடுக்குதுடா, வாடா" என்று இழுத்துக்கொண்டு போனான். தேர்வுக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் கடலோரத்துப் பிள்ளைகள். நாங்கள் இருவர் மட்டும் அதற்கு முன் கடலையே பார்க்காதவர்கள். எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி முடிவதற்குள் எங்களுக்கு 'மலைக்காரனுங்க' என்று பெயர் விழுந்துவிட்டது. கடைசி வரைக்கும் அதே பெயர்தான்.

வேலை இதுதான். கரையிலிருந்து வெகுதூரத்தில் கடலடியில் பாறைத் திட்டுகள் இருக்கின்றன. பார் என்பார்கள். முத்துச்சிப்பி அங்கேதான் ஒட்டி வளரும். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு நாங்கள் இறங்கி, எந்தப் பாரில் சிப்பி இருக்கிறது, எந்த வயதுச் சிப்பி, எவ்வளவு நெருக்கம் என்று பார்த்துவிட்டு வர வேண்டும். முதல்முறை அடியில் போய்த் திரும்பிப் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கிணற்றில் கை நீட்டினால் சுவர் இடிக்கும். இங்கே சுவரே இல்லை! நீல வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது. பாஷா முகக் கண்ணாடிக்குள்ளேயே சிரிக்கிறான். சிரித்து வாய்க்குழாய் வழியாகத் தண்ணீரைக் குடித்துவிட்டான்.

எங்களை நடத்தியவர் ஜெயசீலன் சார். கடற்படையில் முக்குளித்துவிட்டு வந்தவர். ஒல்லி, உயரம், எப்போதும் காக்கி அரை டிராயர். தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஒவ்வொருவரையும் அவர் கையால் தடவிச் சரிபார்ப்பார். கண்ணால் பார்த்தால் அவருக்குப் போதாது. சிலிண்டர் வாரைப் பிடித்து இழுப்பார். நீரில் அமிழ்வதற்காக இடுப்பில் கட்டிய ஈயப் பட்டையின் கொக்கியை, கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பில் அவிழ்க்கச் சொல்வார். கழுத்தில் மாட்டும் ரப்பர் ஜாக்கெட்டை வாயால் ஊதிக் காட்டச் சொல்வார். விசில் ஊதச் சொல்வார். எல்லாம் முடிந்து, வாத்துக்கால் மாதிரியான ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு குதிக்கப் போகும் நேரத்தில் வழி மறித்து நிற்பார்.

"மேல வர்றீங்க. படகு இல்ல. என்ன செய்வீங்க?"

தினமும் கேட்பார். நேற்றுச் சொன்ன பதிலை மனப்பாடமாக ஒப்பித்தால் ஒத்துக்கொள்ள மாட்டார். "இன்னைக்கு மழை பெய்யுது", "உங்க கூட்டாளிக்குக் கால் இழுத்துக்கிச்சு", "ஒரு விசில்தான் இருக்கு" என்று எதையாவது மாற்றிப் போடுவார். பாஷாவுக்கு எரிச்சலாக இருக்கும்.

"படகு எங்க சார் போவப் போவுது?" என்று ஒருநாள் கேட்டான்.

"அதைப் படகுகிட்டதான் கேக்கணும்" என்றார் சார், சிரிக்காமல்.

அவர் சொன்ன காரணம் ஒன்று மட்டும் எனக்கு ஆழமாகப் பதிந்தது. கடலில் மிதக்கிற மனிதனின் தலை ஒரு தேங்காய் அளவுதான். அலைக்கு நடுவில் ஒரு தேங்காயை எவன் கண்டுபிடிப்பான்? அதனால் முதல் வேலை, நம்மைப் பெரிதாக்கிக்கொள்வது. அதற்கு அவரே ஒரு யோசனை வைத்திருந்தார். மழைக்கோட்டுத் துணியில், ஆள் உயரத்துக்கு ஒரு நீளமான குழாய். ஒரு பக்கம் மூடி, ஒரு பக்கம் திறந்திருக்கும். அதில் காற்றை நிரப்பி நிமிர்த்திப் பிடித்தால் கடலுக்கு மேல் ஒரு மஞ்சள் தூண் நிற்கும். நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த தையல்காரர்கள் இரண்டு பேர் தைத்துப் பார்த்தார்கள். காற்று நிற்கவில்லை. பாஷா வாய் தவறி, "எங்க அப்பா தைப்பாரு சார்" என்று சொல்லிவிட்டான்.

அடுத்த லீவுக்கு நாங்கள் ஊருக்கு வந்தபோது சாரும் மஞ்சள் துணிக்கட்டோடு பஸ் ஏறி வந்துவிட்டார்!

தேரடி வீதிக் கடையில் உசேன் பாய் துணியை விரித்துப் பார்த்தார். சார் கையை விரித்து அளவு சொன்னார்.

"இது இன்னா சார், யானை தும்பிக்கைக்கு உறையா?"

"பாய், இது கிழிஞ்சா உங்க பையன் கிடைக்க மாட்டான்" என்றார் சார்.

உசேன் பாய் மெஷினில் உட்கார்ந்தார். துணியை மடித்துத் தையல் போட்டார். அந்தத் தையலை மறைத்து இன்னொரு தையல் போட்டார். பிறகு மெழுகுக் கட்டியை எடுத்துத் தையல் மேல் தேய்த்து, இஸ்திரிப் பெட்டியின் ஓரத்தை லேசாகக் காட்டினார். "சூடு ஜாஸ்தியானா துணி போயிடும். கம்மியானா மெழுகு எறங்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்றைக்கு ஒரு கல்யாண ஜிப்பாவை வாங்க வந்தவரை நாளைக்கு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

சோதனை எங்கள் கிணற்றில் நடந்தது. சார் அரை டிராயரோடு கிணற்றில் இறங்கினார். எப்படியோ செய்தி பரவி, களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கிணற்று மேட்டுக்கு வந்துவிட்டார்கள். சார் சிலிண்டரோடு அடிக்குப் போய்க் குழாயின் வாய்க்குள் காற்றை விட்டார். அடுத்த கணம் கிணற்றுத் தண்ணீரைப் பிளந்துகொண்டு மஞ்சள் தூண் எழும்பி நின்றது! மேட்டில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். என் அம்மா, "அய்யோ, அந்த மனுசன் எங்கடா?" என்று கத்தினாள். சார் தலையை நீட்டி, கிணற்றுக்குள்ளிருந்தே உசேன் பாயைப் பார்த்துக் கும்பிட்டார்.

பாஷா மட்டும் அதைக் கோமாளிப் பை என்றான். இடுப்பில் சுருட்டிக் கட்டிக்கொள்ளும்போதெல்லாம் முணுமுணுப்பான்.

இனி அந்த நாள். எழுபதுகளின் கடைசியில், ஒரு பங்குனி மாதம். கடல் தெளிந்து கண்ணாடி மாதிரி இருக்கும் பருவம். புதிய பார் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தோம். எங்கள் எஞ்சின் படகான லாஞ்சை ஓட்டியவர் ராயப்பன், அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். சார் படகில் இருந்தார். தண்ணீரில் நானும் பாஷாவும்.

பாரின் நீளம் தெரியாததால் நீரோட்டத்தோடு போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. பாஷா கையில் ஒரு நைலான் கயிறு. அதன் மேல் நுனியில், கடல்மட்டத்தில் ஒரு தெர்மாகோல் மிதவை. நாங்கள் அடியில் நகர நகர மேலே மிதவை நகரும். படகு மிதவையைப் பின்தொடரும். ஒரு குறையும் இல்லாத ஏற்பாடு. கயிறு அறாத வரைக்கும்.

சிப்பிகள் கொட்டிக் கிடந்த பார் அது! கை வைக்க இடமில்லாமல் இளஞ்சிப்பி. நானும் பாஷாவும் ஒருவருக்கொருவர் சைகை காட்டிக் குதூகலித்துக்கொண்டே போனோம். பாறை விளிம்பு ஒன்றைச் சுற்றித் திரும்பிய பிறகு பாஷா என் தோளைத் தட்டினான். கயிற்றை இழுத்துக் காட்டினான். அது பாட்டுக்கு வந்தது. இழுக்க இழுக்க வந்து, பிரிபிரியாக அறுந்த நுனி அவன் கையில் நின்றது. எங்கேயோ பாறை விளிம்பில் உரசி அறுந்திருக்கிறது.

கயிறு போனால் உடனே மேலே வர வேண்டும். உடனே என்றால் வேகமாக அல்ல. எங்கள் மூச்சுக் குமிழியை முந்தாமல், மெதுவாக வந்தோம். தலையை வெளியே நீட்டியதும் நான் வடக்கே பார்த்தேன், பாஷா தெற்கே பார்த்தான்.

"அதோ போவுதுடா" என்றான்.

லாஞ்சு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கே போய்க்கொண்டிருந்தது. காரணம் புரிய எனக்கு ஒரு கணம் ஆனது. தெர்மாகோல் மிதவைக்கு எடை கிடையாது. கயிறு அறுந்ததும் காற்று அதைத் தெற்கே தள்ளிக்கொண்டு போகிறது. அடியில் நீரோட்டம் எங்களை வடக்கே கொண்டுவந்திருக்கிறது. படகில் இருப்பவர்கள் எங்களைப் பின்தொடர்வதாக நினைத்து, ஆளில்லாத மிதவையை வெகு கவனமாகப் பின்தொடர்ந்து போகிறார்கள்!

இரண்டு பேரும் விசிலை ஊதினோம். டீசல் எஞ்சின் ஓடுகிற படகில் யார் காதில் விழும்? லாஞ்சு ஒரு பொம்மை அளவுக்குச் சிறுத்தது. பிறகு அலை உயரும்போது மட்டும் தெரிந்தது. பிறகு அலை உயர்ந்தபோதும் தெரியவில்லை.

இத்தனை நாள் படகில் நின்று ஒப்பித்த பதிலை இப்போது உடம்பால் சொல்ல வேண்டும். ஆச்சரியம் என்னவென்றால், கை தானாக வேலை செய்தது. ஜாக்கெட்டை ஊதினேன். பாஷாவும் ஊதினான். ஈயப் பட்டையின் கொக்கியை இழுத்து அவிழ்த்துவிட்டேன். அது சுழன்று சுழன்று நீலத்துக்குள் போனது.

"ஸ்டோர்காரன் கேப்பான்டா" என்றான் பாஷா, தன்னுடையதை அவிழ்த்துக்கொண்டே.

"கேக்கட்டும். நேர்ல போய் பதில் சொல்லலாம்."

அறுந்த கயிற்றால் என் இடுப்பையும் அவன் இடுப்பையும் சேர்த்துக் கட்டினேன். முகக் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதைக் கழற்றி நெற்றியில் ஏற்றினால் முதல் அலை கொண்டுபோய்விடும், உப்புநீர் கண்ணைக் கெடுத்துவிடும். சிலிண்டரில் கொஞ்சம் காற்று மிச்சம் இருந்தது. முழுவதும் தீர்ந்த பிறகு மேலே வராதே என்று சார் சொல்லிக்கொண்டே இருப்பதன் அர்த்தம் அப்போது தெரிந்தது.

கோமாளிப் பையை அவிழ்த்தோம். அதன் வாயைத் தண்ணீருக்குள் பிடித்து, வாய்க்குழாயின் பொத்தானை அழுத்திக் காற்றை விட்டேன். உசேன் பாயின் மஞ்சள் தும்பிக்கை படபடவென்று உப்பி, எங்கள் தலைக்கு மேல் நிமிர்ந்து நின்றது. பாஷா அதை அண்ணாந்து பார்த்தான். 

முதலில் வந்தது ஒரு சரக்குக் கப்பல். மேற்கே, துறைமுகத்துக்குப் போகிறது. பாஷா மஞ்சள் தூணை ஆட்டினான். நான் ஒரு வாத்துக்காலைக் கழற்றி வீசி வீசிக் காட்டினேன். தொண்டை கிழியக் கத்தினோம். கப்பலின் பக்கச் சுவர் ஒரு தெருவைப் போல எங்களைத் தாண்டிப் போனது. மேலே ஒருவன் துணி உலர்த்திக்கொண்டிருந்தது கூடத் தெரிந்தது. அவன் திரும்பவில்லை. கப்பல் கிளப்பிய அலை எங்களைத் தூக்கிப் போட்டது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் பாஷா கரையைக் காட்டினான். தொழிற்சாலைப் புகைபோக்கி ஒன்றின் தலை மேற்கே தெரிந்தது.

"ஏழுமல, அதோ கீது பாரு கரை. தூரம் கம்மிதான்டா. நீந்திடலாம்."

"வேணாம்டா. இங்கயே இருப்போம்."

"இங்கன்னா எங்கடா? நம்ம ஊரா இது? அங்க எந்த மூலைல நின்னு பார்த்தாலும் மலை தெரியும், ஆள் வழி தப்ப மாட்டான். இங்க இன்னா கீது? தண்ணிதான் கீது. நான் கரைக்குப் போயி படகு கூட்டியாறேன். நீ பையப் புடிச்சிக்கினு இரு."

அவன் வீம்புக்குச் சொல்லவில்லை. அவன் மனைவிக்கு அது நிறைமாதம். இரண்டு நாளில் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தான். என்னைவிட இரண்டு மடங்கு வேகமாக நீந்துவான் என்பதும் உண்மை. இடுப்பில் கட்டிய முடிச்சில் அவன் கை போனது.  அவன் போனால் கடலில் இரண்டு தேங்காய், இரண்டு இடத்தில்.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு பாருடா" என்றேன். "நாம மேல வந்தப்ப அந்தப் பொகைபோக்கியும் மாதாகோயில் கோபுரமும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா இருந்துச்சு. இப்பப் பாரு."

பாஷா பார்த்தான். இரண்டும் நன்றாக விலகிவிட்டிருந்தன. கோபுரம் தெற்கே போய்விட்டது. இன்னும் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் சும்மா மிதப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் கடல் எங்களை வடக்கே அள்ளிக்கொண்டு போகிறது.

"நீ கரையப் பார்த்து நீந்துவ. இது உன்னைச் சைடுல இழுக்கும். கரை கிட்ட வர்றதுக்குள்ள கை ஓய்ஞ்சிடும். சார் தேடுறப்ப ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருக்கணும்டா."

"சார் தேடுவாரா?"

"தேடுவாரு."

"எங்கன்னு தேடுவாரு?"

 பாஷா என் முகத்தையே பார்த்தான். பிறகு முடிச்சை அவிழ்ப்பதற்குப் பதில் இறுக்கினான். "செத்தோம்னா உன்ன சும்மா வுட மாட்டேன்" என்றான்.

வெயில் தலையில் கொதிக்க, தண்ணீருக்குள் இருந்த உடம்பு நடுங்க ஆரம்பித்தது. வெதுவெதுப்பான கடல்தான். ஆனாலும் நேரம் ஆக ஆக அது சூட்டை உறிஞ்சிவிடும். ஒருவரையொருவர் கட்டிப் பிடித்து, முழங்காலை மடித்து நெஞ்சோடு ஒட்டிக்கொண்டோம். பையில் காற்று மெல்ல இறங்கும்போதெல்லாம் ஆள் மாற்றி ஆள் ஊதினோம். பாஷாவின் விசிலுக்குள் இருந்த தக்கை உருண்டை ஊறி வீங்கிச் சத்தமே வரவில்லை. என் விசில் ஒன்றுதான்.

திடீரென்று பாஷா அலறினான். "கால்ல ஏதோ இடிக்குதுடா!"

 சுறா என்ற வார்த்தையை இரண்டு பேரும் சொல்லவில்லை. முகத்தைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தேன். பெரிய ஆமை ஒன்று, கிழவரைப் போல நிதானமாக எங்கள் காலடியில் சுற்றிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பக்கத்திலேயே தலையை நீட்டி, புஸ்ஸென்று மூச்சு விட்டு, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனது. பாஷா சிரிக்க ஆரம்பித்தான். எனக்கும் தாங்கவில்லை. நடுக்கடலில் இரண்டு மலைக்காரர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

சூரியன் மேற்கே சாய்ந்தது. உதடு வெடித்து விசிலை வைக்கவே எரிந்தது. அந்த நேரத்தில்தான் எஞ்சின் சத்தம் கேட்டது. தெற்கிலிருந்து, மெலிசாக. காதா, கனவா என்று இரண்டு பேரும் தலையைத் திருப்பினோம். சத்தம் வளர்ந்தது. பிறகு சட்டென்று நின்றுவிட்டது.

பாஷாவின் முகம் வாடியது. "நின்னுடுச்சுடா. போயிட்டாங்க."

"போனா சத்தம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கம்மியாவும். இது நிறுத்தியிருக்காங்கடா! நம்ம சத்தம் கேக்குதான்னு பாக்கறாங்க! பையத் தூக்கு!"

இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினேன். கிணற்றில் சேர்த்து வைத்த மூச்சு அத்தனையும் அந்த விசிலுக்குள் போனது. பாஷா மஞ்சள் தூணை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, காலை உதைத்து உதைத்து எழும்பினான். நிறுத்தினேன். ஊதினேன். நிறுத்தினேன். எதிர்ப்பக்கமிருந்து ஒரு விசில்!

எஞ்சின் உறுமியது. அலைக்கு மேல் லாஞ்சின் மூக்கு தெரிந்தது. இந்த முறை எங்களைப் பார்த்து வந்தது.

முனையில் ஜெயசீலன் சார் நின்றிருந்தார். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார். பிறகு கையை உயர்த்தி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினார். தண்ணீருக்கடியில் நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் சைகை அது. நன்றாக இருக்கிறாயா என்று அர்த்தம். நானும் பாஷாவும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கி அதே வட்டத்தைக் காட்டினோம். சார் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

எங்களை மேலே இழுத்துப் போட்டு, பாய்மரத் துணியால் சுற்றி, சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். நடந்ததை ராயப்பன்தான் சொன்னார்.

மிதவைக்கடியில் குமிழி வராததைப் பார்த்துச் சாருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. இழுத்துப் பார்த்தால் அறுந்த கயிறு. அங்கிருந்து அவர் கண்டபடி சுற்றித் தேடவில்லை. நாங்கள் குதித்த இடத்தைக் கரையில் இருந்த அடையாளங்களை வைத்து மனதில் குறித்து வைத்திருந்தவர், நேராக அங்கே திரும்பியிருக்கிறார். காலி டீசல் கேன் ஒன்றில் முக்கால்வாசிக்குக் கடல்நீரை நிரப்பி, வாய் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மிதக்கவிட்டு, அதில் ஒரு சிவப்புத் துணியைச் செருகியிருக்கிறார்.

"நான் கேட்டேன், இது எதுக்கு சார்னு" என்றார் ராயப்பன். "'மிதவை காத்தோட போயிட்டு. இது மனுசனாட்டம் முங்கிக் கெடக்கு, காத்து தள்ளாது. தண்ணி அவங்களை எங்க கொண்டுபோவுதோ அங்க இதையும் கொண்டுபோவும்'னாரு. அந்த கேன் போற தெசையப் புடிச்சு, அதையும் தாண்டி வந்தோம். கொஞ்ச தூரத்துக்கு ஒருக்க எஞ்சினை அமத்தச் சொல்லுவாரு. உங்க ரெண்டு பேர் பேரையும் சொல்லிக் கத்துவாரு. அப்புறம் காதைக் கொடுத்து நிப்பாரு. கத்திக் கத்தித் தொண்டை போயிட்டு."

பாஷா என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். நீந்தியிருந்தால் கேன் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்.  அவன் கயிற்று முடிச்சை இன்னும் அவிழ்க்காமல் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

பதினைந்து வருடங்களுக்கு மேல் கடலில் இறங்கியிருக்கிறேன். எண்பதுகளில் நல்ல ஜாக்கெட்டுகள் வந்தன, தக்கை இல்லாத விசில் வந்தது, கடையில் விற்கும் மஞ்சள் குழாய்கூட வந்தது. எல்லாவற்றையும் நித்யாவுக்கு எழுதிய அரைப் பக்கத்தில் சொல்லிவிட்டேன். சேர்ந்திரு, மித, பெரிதாகு, சத்தம் கொடு, நீந்தாதே. ஆனால் அந்தச் சாயங்காலம் கரைக்குத் திரும்பிய பயணத்தை அதில் எழுத இடமில்லை.

சார் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார். ஒரு கையால் என் வலது மணிக்கட்டைப் பிடித்தார். இன்னொரு கையால் பாஷாவின் இடது மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பார்க்கிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. சாரின் டிபன் கேரியரை ராயப்பன் திறந்து எங்கள் முன்னால் வைத்தார். புளிச்சோறு. காலையிலிருந்து சார் அதைத் தொடவே இல்லை. பசி எங்களுக்குக் காதை அடைத்தது. பாஷா வலது கையால் அள்ளி அள்ளிச் சாப்பிட்டான். எனக்கு வலது கை சாரிடம் இருந்தது. கேட்டால் விட்டிருப்பார். நான் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக இடது கையால் சோற்றை அள்ளி வாயில் வைத்தேன். அப்படி ஒரு ருசி!

"சார் பிடியை வுட்டா மறுபடி காணாம போயிடுவோம்னு நெனைக்கறாருடா" என்று பாஷா சாரின் முதுகுக்குப் பின்னால் எட்டி என் காதில் கிசுகிசுத்தான்.

துறைமுகத்து விளக்குகள் தெரிந்தன. லாஞ்சு கரையை ஒட்டி நின்றது. ராயப்பன் எஞ்சினை அணைத்தார், இறங்கிக் கயிற்றைக் கட்டினார். கரையில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். சார் அசையவில்லை. இரண்டு மணிக்கட்டும் அவர் கையில் அப்படியே இருந்தன. பாஷாதான் குனிந்து, அவர் முகத்துக்கு நேராக, மெதுவாகச் சொன்னான்:

"சார், வந்துட்டோம் சார்."